நிறம் சொன்னால் போதாது, ஊரையும் சொல்லுங்கள்

மலை உயிரினங்கள்: வாசகர் கேள்வி பதில்
பதில் தருபவர் கோத்தகிரிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பீல்டு ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மழை பிடித்ததும் தபாலில் பாம்பு வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நிறத்தைப் பற்றியவை. "கறுப்பாக இருந்தது, என்ன பாம்பு?" என்று ஒற்றை வரியில் எழுதுகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? கறுப்பான பாம்பு மேட்டுப்பாளையத்தில் பார்த்தால் ஒன்று, ஊட்டியில் பார்த்தால் இன்னொன்று. ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதியவர்களின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவில் வேலை பார்க்கிறான். வீட்டுக் கொல்லையில் வந்ததென்று ஒரு பாம்புப் படம் அனுப்பினான். கறுப்பு உடம்பு, முதுகின் குறுக்கே மெல்லிய மஞ்சள் கோடுகள், விலாவெல்லாம் மஞ்சள் புள்ளி. "கிங் ஸ்நேக்மா, ஒண்ணும் பண்ணாது" என்கிறான். ஹூஸ்டனில் இருக்கும் அவன் நண்பன் அனுப்பிய கிங் ஸ்நேக் படத்தில் கோடே இல்லை, உடம்பு முழுக்கப் புள்ளி. டூசானில் இருக்கும் இன்னொரு நண்பன் படத்திலோ அகலமான வெளிர்ப் பட்டைகள். மூன்றும் கிங் ஸ்நேக்தான் என்றால் எப்படி நம்புவது? எனக்குச் சமாதானம் சொல்லப் பொய் சொல்கிறானோ? (வாசகி, அருவங்காடு)

பதில்: பொய் சொல்லவில்லை அம்மா. வந்தது பாலைவனக் கிங் ஸ்நேக். விஷம் கிடையாது. இரையை வாயால் கவ்வி, உடம்பால் சுற்றி இறுக்கிக் கொல்லும். எலி, பல்லி, முட்டை எல்லாம் தின்னும், மற்ற பாம்புகளையும் தின்னும். அந்த ஊரில் நிஜமாகவே பயப்பட வேண்டிய கிலுகிலுப்பை விரியனும் அதில் சேர்த்தி. அதன் விஷத்தைக் கிங் ஸ்நேக்கின் உடம்பு தாங்கிக்கொள்ளும். கிங் ஸ்நேக் எவ்வளவு அழுத்தமாக இறுக்குகிறது என்று 2017-ல் அளந்து பார்த்தார்கள். அந்த ஊர் எலிப்பாம்புகளைவிட இதன் பிடி பலமாக இருந்தது. அதனால் அது கொல்லையில் சுற்றுவதில் உங்கள் மகனுக்கு லாபம்தான். ஒரு விஷயம் மட்டும் அவனிடம் சொல்லுங்கள். மிரண்டால் கிங் ஸ்நேக்கும் வாலைப் படபடவென்று அடிக்கும். கீழே சருகு கிடந்தால் அது கிலுகிலுப்பைச் சத்தமாகவே காதில் விழும். எது எதுவென்று சோதித்துப் பார்க்கக் கிட்டே போக வேண்டாம்.

இனி மூன்று படங்களுக்கு வருவோம். எல் பாசோவிலிருந்து கிழக்கே ஹூஸ்டன் சாலை வழியே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். நம் கணக்கில் கன்னியாகுமரியிலிருந்து விஜயவாடா. மேற்கே டூசான் 500 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எல் பாசோ சிவாவா பாலைவனத்தில் இருக்கிறது, டூசான் சொனோரா பாலைவனத்தில், ஹூஸ்டனோ கடலோரம் மழை கொட்டும் சதுப்புப் பூமி. இவ்வளவு தூரத்தில் ஒரே சட்டை போட்டுக்கொண்டு ஒரே மாதிரிப் பாம்பு இருந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

உங்கள் மகன் அனுப்பிய வடிவம்தான் சிவாவா பாலைவனப் பக்கத்தின் வழக்கமான வடிவம். தலை கறுப்பு. முதுகில் குறுக்கே மெல்லிய மஞ்சள் கோடு, இரண்டு கோட்டுக்கு நடுவே கறுப்புத் திட்டு, பக்கவாட்டில் செதிலுக்குச் செதில் மஞ்சள். கிழக்கே போகப் போக முதுகின் கறுப்புத் திட்டுக்குள்ளும் புள்ளிகள் ஏறிவிடும். கோடுகள் கலைந்து, கடைசியில் ஏறக்குறைய ஒவ்வொரு செதிலிலும் ஒரு மஞ்சள் புள்ளி வைத்த பாம்பு நிற்கும். ஹூஸ்டன் நண்பன் பார்த்தது அது. மேற்கே கலிபோர்னியாப் பக்கம் போனால் நேர்மாறு. புள்ளி குறையும், குறுக்குக் கோடு அகன்று பட்டையாகும். டூசான் இந்த இரண்டும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கம். போதாததற்குத் தெற்கே மெக்சிகோவின் சொனோராவில் முழுக்கறுப்புக் கிங் ஸ்நேக் ஒன்று இருக்கிறது, அதன் சாயலும் அங்கே கலக்கும். அதனால் அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில் பட்டையும் புள்ளியும் கறுப்பும் சேர்ந்து, எந்தப் படத்தோடும் ஒத்துப்போகாத பாம்புகள் கிடைக்கும்.

எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கேட்பீர்கள். கோயம்புத்தூரிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகிறோம். ஏறும்போது காதில் விழுவது கொங்குத் தமிழ், இறங்கும்போது மதுரைத் தமிழ். எந்த ஸ்டாப்பில் மாறியது என்று கண்டக்டரால் சொல்ல முடியுமா? டெக்சாஸின் நடுப்பகுதியில் பிடிபடும் கிங் ஸ்நேக்குகளும் அப்படித்தான்.

விஞ்ஞானிகளுக்கே இதில் இழுபறி. வெகுகாலம் இவை எல்லாவற்றையும் ஒரே இனம் என்று வைத்து, நிறத்தையும் கோலத்தையும் பார்த்து உள்பிரிவுகளாகப் பிரித்திருந்தார்கள். 2009-ல் மரபணுவைப் பார்த்த இரண்டு ஆய்வாளர்கள் அதை ஐந்து தனி இனங்களாக்கினார்கள். பாலைவனக் கிங் ஸ்நேக் அந்த ஐந்தில் ஒன்று. கலிபோர்னியாவுடையது ஒன்று, புள்ளிக்காரன் ஒன்று. அந்தக் கணக்குப்படி உங்கள் மகன் சொன்னதும் சரி, உங்கள் சந்தேகமும் சரி. மூன்றும் கிங் ஸ்நேக், ஆனால் மூன்றும் ஒரே இனம் என்று சொல்ல முடியாது.

நிறத்தை வைத்து இனம் பிரிப்பது எவ்வளவு வழுக்கல் என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு கதை உண்டு. கலிபோர்னியாவின் சான் டியாகோவில் லாரன்ஸ் கிளாபர் என்று ஒருவர் இருந்தார். பிழைப்புக்கு மின்சாரக் கம்பெனியில் எஞ்சினியர், மனசெல்லாம் பாம்பு. அந்த ஊரில் உடம்பைச் சுற்றி வளையம் போட்ட கிங் ஸ்நேக்கும் உண்டு, தலை முதல் வால் வரை முதுகில் நீளமாக ஒரே கோடு ஓடும் கிங் ஸ்நேக்கும் உண்டு. பார்த்தால் யாரும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். புத்தகங்களும் இரண்டு இனம் என்றே எழுதியிருந்தன. கிளாபர் முட்டைகளைப் பொரிக்கவைத்துப் பார்த்தார். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வளையக் குட்டியும் வந்தது, கோட்டுக் குட்டியும் வந்தது. 1936-ல் அதை எழுதி அந்த வழக்கை முடித்துவைத்தார். கம்பெனி வேலையில் இருந்துகொண்டே இப்படி ஒரு காரியம் செய்தாரே என்பதால் எஸ்டேட்காரனான எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

மகன் அடுத்த படம் அனுப்பும்போது நகரம், பக்கத்தில் ஆறா பாறையா வயலா, பாம்பு குட்டியா பெரியதா என்று கேட்டு வாங்குங்கள். குட்டியாக இருக்கும்போது கோடு தெளிவாகத் தெரியும், வளர வளரப் புள்ளிகள் கூடும். வயசு தெரியாமல் படத்தை மட்டும் வைத்துப் பஞ்சாயத்து பண்ண முடியாது.

கேள்வி: அமெரிக்கக் கிங் ஸ்நேக்கும் நம் ராஜநாகமும் உறவா? (மாணவர், கூடலூர்)

பதில்: பாம்பைத் தின்னும் பழக்கம் ஒன்று, மற்றபடி தூரம். ராஜநாகம் நல்ல பாம்பு, கட்டுவிரியன் இவற்றின் குடும்பம், கொடிய விஷம் உள்ளது. கிங் ஸ்நேக் நம் சாரை இருக்கிற குடும்பம்.

ஆனால் தம்பி, ஊருக்கு ஊர் பட்டை மாறுகிற கதை ராஜநாகத்திலும் உண்டு. இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை ஒரே இனம் என்று இருந்ததை 2024-ல் நான்காகப் பிரித்தார்கள். உடம்பில் எத்தனை வெளிர்ப் பட்டை, பட்டையின் ஓரத்தில் கறுப்பு விளிம்பு உண்டா என்பதெல்லாம் அந்த ஆராய்ச்சியில் முக்கியமான அடையாளங்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரனுக்குப் பட்டைகள் 40-க்கும் குறைவு, கறுப்பு விளிம்பு கிடையாது. பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் வளர்ந்த பாம்புக்குப் பட்டையே இராது. அங்கே பட்டையோடு மரபணுவும் பேசியது. பட்டை மட்டும் பேசியிருந்தால் கிளாபர் கதைதான்.

கேள்வி: கீழே மேட்டுப்பாளையத்தில் பார்க்கிற சாரை மஞ்சள். எங்கள் ஊரில் பார்க்கிறது கருங்கறுப்பு. குளிருக்காகத்தான் கறுத்துப்போகிறதா? எங்கள் பாட்டி கறுப்புச் சாரை நல்ல பாம்போடு சேர்ந்து பிறந்தது என்கிறார். (வாசகர், அரவேணு)

பதில்: பாட்டியின் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சாரையும் நல்ல பாம்பும் சேருவதில்லை. இரண்டும் வேறு வேறு குடும்பம். வயல் வரப்பில் இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு எழும்பி நிற்பதைப் பார்த்துவிட்டு ஒன்று நாகம், ஒன்று சாரை, கல்யாணம் நடக்கிறது என்று துணி போடுவார்கள். அநேகமாக அவை இரண்டும் ஆண் சாரைகள். யார் பெரியவன் என்று மல்லுக்கட்டுகின்றன. ஒன்று மஞ்சளாகவும் ஒன்று கறுப்பாகவும் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு இரண்டு ஜாதிப் பாம்பாகத் தோன்றிவிடுகிறது. இந்தக் கதை பிறந்ததே சாரையின் நிற வேறுபாட்டால்தான் என்பது என் அபிப்பிராயம்.

குளிருக்கு வருவோம். கறுப்பு நிறம் வெயிலைச் சீக்கிரம் உறிஞ்சும், குளிர்ந்த இடத்தில் பாம்புக்கு அது உதவும். இது உண்மை. ஐரோப்பாவில் குளிர்ப் பிரதேச விரியன்களில் கறுப்பாகப் பிறப்பவை உண்டு, அவை சீக்கிரம் சூடேறுவதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இதையே சட்டமாக்கிவிடாதீர்கள். மேலே சொன்ன முழுக்கறுப்புக் கிங் ஸ்நேக் எங்கே இருக்கிறது? கல் கொதிக்கும் சொனோராவில். அங்கே யாருக்குக் குளிர்? அது இரவில் நடமாடுகிறது, அதனால் நிறம் வெயிலுக்கு ஏற்றதாக இருந்தாக வேண்டிய கட்டாயம் குறைவு என்று ஒரு சமாதானம் சொல்லலாம். ஒரே காரணத்தை வைத்து எல்லாப் பாம்பையும் விளக்கப் பார்த்தால் இடிக்கும்.

சாரையில் வெளிர் மஞ்சள், ஆலிவ் பச்சை, பழுப்பு, கறுப்பு எல்லாமே உண்டு. எங்கள் எஸ்டேட் சரிவிலேயே மேல் டிவிஷனில் மஞ்சளும் கீழ் டிவிஷனில் கறுப்பும் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர்க் கணக்குப்படி அது தலைகீழ். அப்புறம், சட்டை உரிக்கப்போகும் பாம்பு மங்கிப்போய், கண்ணில் நீலப்படலம் விழுந்து வேறு பாம்பாகத் தெரியும். உரித்த மறுநாள் பளபளவென்று வந்து நிற்கும். இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் ஊர் நிறம் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: கவாத்து வெட்டும்போது ஒரு பச்சைக் குழிவிரியன் இருந்தது. நாலு செடி தள்ளி அதே அளவில் பழுப்பில் ஒன்று. மேஸ்திரி பச்சைதான் பெண், பழுப்பு ஆண் என்கிறார். கடித்தால் எது மோசம்? (தோட்டத் தொழிலாளர், தேவர்சோலை)

பதில்: அண்ணே, உங்கள் பக்கம் இருப்பது மலபார்க் குழிவிரியன். இந்த மலைகளில் நிறத்தால் ஆளை ஏமாற்றுவதில் இதற்கு மிஞ்சியது கிடையாது. பச்சை, மஞ்சள், பழுப்பு, செங்கல் நிறம், சாம்பல், பச்சையில் பழுப்புத் திட்டு எல்லாம் ஒரே காட்டில் ஒரே ஓடைக் கரையில் கிடைக்கும். ஆண் பெண்ணுக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். பெண் பொதுவாகப் பெரியதாக வளரும், அவ்வளவுதான்.

ஏன் இத்தனை நிறம்? இது ஓடித் தப்பிக்கிற பாம்பு இல்லை. பகலில் ஒரே கிளையில் அசையாமல் கிடக்கும். ராத்திரி தவளையோ பல்லியோ எலியோ அருகே வரும்வரை காத்திருக்கும். பாசி படிந்த பாறைக்கும் காய்ந்த இலைக்கும் பச்சைச் செடிக்கும் ஒரே நிறம் பொருந்தாது. எல்லாமே ஒரே நிறமாக இருந்தால் பருந்துக்கும் கீரிக்கும் தேடிப் பழகிவிடும், பல நிறம் இருந்தால் பழகுவது கஷ்டம் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவது காரணமும் நம்பும்படியாகவே இருக்கிறது.

கிங் ஸ்நேக் பற்றி மேலே எழுதியதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே தூரம் போகப் போக நிறம் மாறுகிறது. இங்கே நாலு செடிக்குள் மாறுகிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதே சமயம் தூரமும் இங்கே சும்மா இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலைப் பக்கம் இருக்கும் இதே சாயல் குழிவிரியனை இப்போது தனி இனமாகவே எழுதுகிறார்கள். பழனி மலையில் தேயிலை, காப்பி, சோலைக்காடு எங்கும் அடிக்கடி பார்க்கிற பெரிய செதில் குழிவிரியன் நீலகிரியில் கிடையவே கிடையாது. ஊட்டிப் புல்வெளியில் பிடரியில் குதிரை லாட அடையாளத்தோடு குட்டையாக ஒரு பழுப்புக் குழிவிரியன் உண்டே, அது வேறு.

கடி விஷயம். பச்சையானாலும் பழுப்பானாலும் விஷம் ஒரே பாம்பின் விஷம்தான். வலியும் வீக்கமும் பலமாக இருக்கும். நம் ஊரில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்காகத் தயாரிக்கப்படுவது. குழிவிரியன் அந்தக் கணக்கில் சேராது. அதற்காக வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் இரத்தம் உறைகிறதா, சிறுநீரகம் ஓடுகிறதா என்று பார்த்து வைத்தியம் செய்வார்கள். கீழ்ச்சரிவில் கிடக்கும் மூக்கு நிமிர்ந்த சின்னக் குழிவிரியன் கடித்துச் சிறுநீரகம் பாழானவர்கள் உண்டு. கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கையை ஆட்டாமல், 108-க்குப் போன் பண்ணுங்கள். மேஸ்திரியிடம், கவாத்துக்கு முன் செடியை நீளக் கம்பால் தட்டச் சொல்லுங்கள். ஆளுக்கொரு முழங்கை உறையும் கேளுங்கள், கொடுக்க வேண்டியது எஸ்டேட்டின் கடமை.

கேள்வி: பூண்டுக்கு மண் கொத்தும்போது விரல் பருமனில் பளபளவென்று சின்னப் பாம்புகள் வருகின்றன. எங்கள் காட்டில் ஒன்றுக்குக் கழுத்தோரம் மஞ்சள் கோடு, இன்னொன்றுக்கு வயிறு சிவப்பு. ஊட்டியில் இருக்கும் மச்சான் தோட்டத்தில் பழுப்பாக வருகிறதாம். வால் வெட்டுப்பட்டது மாதிரி மொட்டையாக இருக்கிறது. இருதலைப் பாம்பா? விற்றால் லட்சம் கிடைக்குமாமே? (விவசாயி, பூம்பாறை)

பதில்: லட்சம் கிடைக்காது, ஜெயில் கிடைக்கும். இருதலை என்று ஏமாற்றுக்காரர்கள் பேரம் பேசுவது சமவெளியில் இருக்கும் மண்ணுளிப் பாம்பை. அதையும் விற்கக் கூடாது. உங்கள் காட்டில் வருவது கேடயவால் பாம்பு. மலைப்பூண்டு விளையும் அதே ஈர மண்ணில் மண்புழு தின்று வாழும். விஷம் இல்லை, கையில் எடுத்தாலும் கடிக்காது. முட்டை போடாமல் குட்டி போடும். கூரான பக்கம் தலை, அதை வைத்து மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும். மொட்டைப் பக்கம் வால். அந்தச் சொரசொரப்பில் மண் ஒட்டி வளையை அடைத்துக்கொள்ளும், பின்னால் வருகிற எதிரிக்குக் கிடைப்பது மண்கட்டிதான். உங்களுக்கு உழவு கூலி இல்லாமல் நடக்கிறது.

நிறக் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் தென்னிந்தியாவில் எனக்குத் தெரிந்து இல்லை. இந்தக் குடும்பம் உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் உண்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். பலவும் ஒன்றிரண்டு மலைகளை விட்டு வெளியே கிடையாது. காரணம் எளிது. குளிர்ந்த ஈர மண்ணுக்குள் வாழ்கிற பாம்பு, வெயிலில் காய்ந்த சமவெளியைத் தாண்டி அடுத்த மலைக்கு எப்படிப் போகும்? ஒவ்வொரு மலையிலும் மாட்டிக்கொண்ட கூட்டம் தனித்தனியாக மாறிக்கொண்டே போயிற்று. கிங் ஸ்நேக் மாதிரி நடுவில் கலப்பு இல்லை, பஸ்ஸே ஓடாத ஊர்.

கழுத்தோரம் மஞ்சள் கோடு போட்டது அநேகமாகப் பழனி மலைப் பெயரிலேயே இருக்கும் கேடயவால். 1863-ல் பெடோம் எழுதியது. அவர் சென்னை மாகாண வனத்துறையில் அதிகாரி. செடி, பாம்பு இரண்டையும் விடாமல் சேர்த்தவர். சிவந்த வயிற்றுக்காரனையும் முதலில் உங்கள் மலையிலிருந்துதான் எழுதினார்கள், 1921-ல். மச்சான் தோட்டத்துப் பழுப்புப் பாம்பு நீலகிரிக்கே உரியது, பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெயர் கொண்டது. 1830-களில் கேத்திப் பண்ணையில் நட்ட தேயிலைச் செடிகளைப் பார்த்து எழுதிவைத்தவர் அதே மனுஷன்தான். தேயிலையில் சம்பளம் வாங்கிய எனக்கு அவரும் ஒரு வகையில் முன்னோர்.

முதுகு மண் நிறம், வயிறு மட்டும் மஞ்சளோ சிவப்போ ஏன்? மண்வெட்டி பட்டு வெளியே விழுந்தால் இவை சுருண்டு திரும்பும். அப்போது திடீரென்று நிறம் மின்னுவது பறவையைத் தயங்கவைக்கும் என்று நினைக்கிறார்கள். பளபளப்புக்குச் சாயம் காரணமில்லை. செதிலின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகள் ஒளியை உடைக்கின்றன, அதே வரிகளால்தான் சேறும் ஒட்டுவதில்லை. கொத்தில் வந்தால் ஓரமாக ஈர மண்ணில் போட்டு மூடிவிடுங்கள், வெயிலில் விட்டால் சீக்கிரம் செத்துப்போகும்.

கேள்வி: பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்துமா? கொடைக்கானலில் பார்ப்பது வத்தலக்குண்டில் பார்ப்பதைவிடச் சின்னதாக இருக்கிறதே? (வாசகி, கொடைக்கானல்)

பதில்: கண்ணைக் குறிவைத்துக் கொத்தாது. மூக்கு நீண்டு கூராக இருப்பதாலும், புதரில் நம் முகத்து உயரத்தில் தொங்குவதாலும் வந்த பேச்சு. பின்பல்லில் லேசான விஷம் உண்டு, அது பல்லிக்கும் தவளைக்கும்தான். நமக்குச் சின்ன வீக்கம் வந்தால் அதிகம்.

இரண்டாவது கேள்வி அருமை. கிங் ஸ்நேக்கில் நிறம் வேறு, உறவு நெருக்கம். பச்சைப் பாம்பில் நிறம் ஒன்று, இனங்கள் பல. பச்சையாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தீபகற்ப இந்தியா முழுக்க ஒரே பெயரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2020-ல் வந்த ஆய்வில் அந்த ஒன்று பலவாக உடைந்தது. புதிதாகவே ஐந்து இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். பழைய பெயருக்குரிய பாம்பு இலங்கையோடு நின்றுபோயிற்று. வத்தலக்குண்டில் நீங்கள் பார்ப்பது சமவெளி இனம், நீளமாக வளரும். கொடைக்கானல் உச்சியில் இருப்பது ஆனைமலை, பழனி மலை உயரங்களுக்கே உரிய குட்டைப் பச்சைப் பாம்பு. எங்கள் நீலகிரிப் புல்வெளியில் இன்னொன்று, அதுவும் பெரோத்தே பெயரில். மூன்றும் பச்சை. "பச்சைப் பாம்பு பார்த்தேன்" என்று சொன்னால் எனக்குப் பாதி விஷயம்கூட வரவில்லை என்பது இதனால்தான்.

கேள்வி: வெள்ளை நிறக் கிங் ஸ்நேக் குட்டி ஆன்லைனில் விலைக்கு வருகிறது. விஷமில்லாத பாம்புதானே, வாங்கி வளர்க்கலாமா? (வாசகர், குன்னூர்)

பதில்: வேண்டாம் தம்பி. வெள்ளையும் இளஞ்சிவப்பும் காட்டில் அபூர்வம். பெட்டிக்குள் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து வியாபாரத்துக்காக உண்டாக்கிய நிறங்கள் அவை. பிரச்சினை பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு மறக்கிற அன்று ஆரம்பிக்கும். ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவில் இப்படித்தான் கலிபோர்னியக் கிங் ஸ்நேக்குகள் வெளியே போய்ப் பெருகின. 1998-லேயே காட்டில் கண்டுபிடித்தார்கள். அங்கே பிடிபடுவதில் வெள்ளைப் பாம்பும் நீளக்கோட்டுப் பாம்பும் நிறைய, வளர்ப்புப் பெட்டியிலிருந்து வந்தவை என்பதற்கு அந்த நிறமே சாட்சி. பாம்பே இல்லாத தீவு அது. அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லிக்குப் பாம்புக்குப் பயப்படவே தெரியாது. கிங் ஸ்நேக் பரவிய இடங்களில் அந்தப் பல்லி கிட்டத்தட்ட ஒழிந்துபோயிற்று. நீங்கள் இருப்பது குன்னூர். உங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் வேறெங்கும் இல்லாத கேடயவால்கள் இருக்கின்றன. கிங் ஸ்நேக் என்ன தின்னும் என்று முதல் பதிலிலேயே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பாம்பு எவ்வளவு நிறமாக இருந்தாலும் உரித்த சட்டை மட்டும் வெளுத்துக் கிடக்கிறதே ஏன்? (மாணவி, கட்டபெட்டு)

பதில்: நிறச் செல்கள் இருப்பது உள்தோலில். சட்டை என்பது மேலே மூடியிருக்கிற காய்ந்த படலம் மட்டும். உற்றுப் பார்த்தால் கறுப்புத் திட்டு இருந்த இடம் மட்டும் புகைபடிந்த மாதிரி லேசாகத் தெரியும். உள்தோலில் கறுப்புக்கு ஒரு செல், மஞ்சளுக்கு ஒரு செல், ஒளியைச் சிதறடித்து நீலம் காட்ட ஒரு செல் என்று அடுக்கடுக்காக இருக்கின்றன. மஞ்சளும் நீலமும் சேர்ந்துதான் பச்சை. ஸ்பிரிட் பாட்டிலில் போட்ட பச்சைப் பாம்பு கொஞ்ச நாளில் நீலமாகிவிடும், மஞ்சள் முதலில் கரைந்துவிடுவதால். அடுத்த முறை ஏதாவது மியூசியத்தில் நீலப் பாம்பு பார்த்தால் பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பார், எந்த ஊரில் பிடித்தது என்று அதில் எழுதியிருக்கும்.